கடைசி இலக்கம்

பிப்ரவரி 9

அக்கா,

அம்மா போய் ஆறு வாரம் ஆகிறது. வீட்டைக் காலி செய்யும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கல்லூரியில் தேர்வு நேரம், விடுப்புக் கிடைக்கவில்லை. போன் செய்தால், "மேடம் லேப்ல பிஸியா இருக்காங்க" என்று உன்னிடம் வேலை பார்க்கும் பெண் ஒவ்வொரு தடவையும் அதே சொல்லைச் சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். ஆறு வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கும் என் முனைவர் பட்டம் கடைசி அத்தியாயத்தில் நிற்கிறது. ஒரு மெஷின் தினமும் தரும் அளவை வைத்தே, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடம் மாறுகிறதா என்று கண்டுபிடிக்கும் கணக்கு. காகிதத்தில் நிரூபித்துவிட்டேன். வழிகாட்டிப் பேராசிரியர் விடமாட்டேன் என்கிறார். "எல்லாம் சரிதாம்மா. ஒரு நிஜ மெஷினோட எண்ணைப் போட்டுக் காட்டுங்க."

உன் லேபில் தினமும் காலையில் கன்ட்ரோல் ஓட்டுவீர்கள் அல்லவா? சர்க்கரைப் பரிசோதனைக்கான அந்த அளவுகளை மூன்று வருஷத்துக்குத் தர முடியுமா? ஆஸ்பத்திரி பெயரை எங்கேயும் போடமாட்டேன்.

என் அலமாரியில் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருந்தால் அப்படியே தூக்கிப் போட்டுவிடு. எதுவும் வேண்டாம்.

உன் தங்கை

*

பிப்ரவரி 17

குட்டி,

நீ கேட்டு நான் எதைக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்?

ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள், ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து எண்கள். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் அனுமதி, கையெழுத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். பதிவேட்டைப் பார்த்துக் கையாலேயே எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் லேப் முத்திரை இருக்கிறது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள் நீ என்பதால் சொல்கிறேன். காலையில் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால், அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு திரவத்தை மெஷினுக்குக் கொடுப்போம், அதுதான் கன்ட்ரோல். தெரிந்த விடையையே அது சொன்னால் அன்றைக்கு அதை நம்பலாம். சொல்லாவிட்டால் அன்றைக்கு ஒருத்தருக்கும் ரிப்போர்ட் கிடையாது. மெஷினுக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கு இல்லை.

புத்தகங்களை அப்படியே போடவில்லை. ஒவ்வொன்றாக அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். நீ எவ்வளவு அழகாக அட்டை போட்டிருக்கிறாய்!

நன்றாக எழுது. வீட்டில் ஒருத்தியாவது கணக்குப் படித்தாளே.

அக்கா

*

நவம்பர் 20

அக்கா,

மே மாதமே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் 12, காலை பத்து மணிக்கு வாய்மொழித் தேர்வு. எங்கள் துறைக் கூடத்தில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம்.

கடைசி அத்தியாயம் நான் முதலில் நினைத்தது போல் வரவில்லை. கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. உன் எண்கள் இல்லாவிட்டால் அந்த அத்தியாயமே இல்லை. அதனால் நீ கட்டாயம் வர வேண்டும். முன்வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன்.

உன் தங்கை

*

டிசம்பர் 2

பேராசிரியை அவர்களுக்கு,

குட்டி என்று எழுதக் கை வரவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் எனக்குப் பதினைந்து வயதுப் பெண் அழுவது போலத்தான் கேட்கும், விட்டுக்கொடுத்துவிடுவேன். காகிதத்தில் அழுகை கேட்காது.

பிப்ரவரியில் உன் கடிதம் வந்த மறுநாள் உன் அலமாரியைக் காலி செய்தேன். உன் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் பழுப்பு அட்டைக்குள் ஓர் உறை இருந்தது. என் பெயருக்கு வந்தது. யாரோ பிரித்துப் படித்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்தது. இளங்கலை கணிதம், இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, ஜூலை ஐந்தாம் தேதிக்குள் நேரில் வந்து சேர வேண்டும்.

அந்த ஜூலை உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்தில் அப்பா என்னை வாசலுக்கு விடமாட்டார். நீதான் போவாய். "இன்னைக்கும் இல்லையாடி?" என்று கேட்பேன். "இல்லக்கா. அவங்க உனக்குக் குடுக்கல போல" என்பாய். ஆறாம் தேதியும் கேட்டேன். ஆறாம் தேதியும் அதையே சொன்னாய். சொல்லிவிட்டு என் தலையைத் தடவிக் கொடுத்தாய்.

நம் ஊர்க் கல்லூரியில் அப்போது மிச்சமிருந்தது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் மட்டும்தான். அதிலும் ஒரே இடம். முதல் வாரமே மலப் பரிசோதனை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உனக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தேன். மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தேன். பிறகு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த உறையில் இருந்த அதே கல்லூரிக்கு, அதே கணக்குக்குப் போனாய். பஸ் ஏற்றிவிட வந்தவளும் நான்தான்.

லேப் வேலையை நான் மட்டமாகப் பேசவில்லை. பதினைந்து வருஷத்தில் என் கையெழுத்தோடு ஒரு தப்பான ரிப்போர்ட் வெளியே போனதில்லை. ஆனால் அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்காக நீ தேர்ந்தெடுத்தாய்.

இனி விஷயம். நான் அனுப்பிய எண்கள் அத்தனையும் பொய்.

ஒரு பக்கம் உன் கடிதம், ஒரு பக்கம் அந்த உறை, நடுவில் வெள்ளைத்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து எண்களையும் மனத்திலிருந்து எழுதினேன். சராசரி சரியாக வர வேண்டும், சிதறல் சரியாக வர வேண்டும், இருபது நாளில் ஒரு நாள் எல்லைக்கு வெளியே விழ வேண்டும் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஏழு வாரத்துக்கு ஒருமுறை அளவு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாது, கணக்குக்குத் தெரியும். அதை நீ கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்து, அதன்மேல் ஒரு கோட்டை கட்டுவாய் என்று எனக்குத் தெரியும்.

நிஜப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி அதை மடியில் வைத்துக்கொண்டு நீ போட்ட நாற்காலியில் உட்காருவேன். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். என் ஜூலை ஐந்து எனக்குத் தெரியாமலே போனது. உன் நாள் உனக்குத் தெரிந்தே வரட்டும்.

அக்கா என்று கையெழுத்துப் போட மனமில்லை.

*

டிசம்பர் 6

அக்கா,

எடுத்தது நான்தான். மழுப்பப் போவதில்லை.

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் நீ முன்னால் போய் நிற்பாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். அந்த உறையைப் பிரித்தபோது எனக்குக் கணக்குத் தெரியவில்லை, கல்லூரி தெரியவில்லை. உன் முதுகு இல்லாத அந்த அறைதான் தெரிந்தது. மூன்று தடவை கிழிக்க எடுத்தேன். கிழித்தால் திருட்டு, வைத்திருந்தால் தாமதம்தான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குள் எனக்கே அந்தக் கல்லூரி வேண்டியிருந்தது.

இது மன்னிப்புக் கடிதம் இல்லை. மீதியையும் படி.

எண்கள் பொய் என்று மார்ச் மாதமே எனக்குத் தெரியும்.

ஏழு வார ஏற்ற இறக்கம் முதல் நாளே கிடைத்தது. நீ சொன்ன மாதிரியே துள்ளினேன். பிறகு, சும்மா, கடைசி இலக்கங்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த ஒற்றை இலக்கம். நிஜ மெஷினில் இன்றைக்கு வந்த இலக்கமே நாளைக்கும் வருவது பத்தில் ஒரு தடவை நடக்கும். ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாளில் ஏறக்குறைய நூற்றுப்பத்துத் தடவை வந்திருக்க வேண்டும். உன் தாளில் இருபத்துமூன்று. மனுஷக் கை, எழுதியதையே அடுத்தடுத்து எழுதக் கூசும் அக்கா. மெஷினுக்குக் கூச்சம் கிடையாது.

பழிவாங்கல் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. லேபில் கன்ட்ரோலே ஓட்டாமல் பதிவேட்டை இட்டுக்கட்டுகிறாய் என்றுதான் நினைத்தேன். என் அக்கா, கையை மூன்று தடவை கழுவுகிறவள், ஏமாற்றுகிறாள்! உனக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நோயாளிகளை நினைத்தாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் என்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு வருஷமாக உன் எதிரில் நான் திருடியாக உட்கார்ந்திருந்தேன். முதல் தடவையாக நீ என்னைவிடக் கீழே இருந்தாய்.

அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். அதன் தலைப்பு, ‘கையால் புனைந்த அளவுகளைக் கண்டறிதல்’. உதாரணம் நீதான்.

பதிவேட்டைக் கொண்டு வா. ஒப்பிட்டுக் காட்ட வசதியாக இருக்கும்.

உன் தங்கை

*

ஜனவரி 15

தங்கைக்கு,

வந்தேன், பார்த்தாய். ஒரு வார்த்தை பேசாமல் போனேன், அதையும் பார்த்தாய். அன்றைக்குப் பேசாததை இப்போது எழுதுகிறேன்.

நீ நன்றாகப் பேசினாய். என் எண்களைத் திரையில் போட்டு ஒவ்வொரு இலக்கமாக உரித்தாய். வெளியிலிருந்து வந்த அந்த வழுக்கைத்தலைப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னாரே, "இதை எழுதினது யாரோ, லேசுப்பட்ட ஆள் இல்ல. சராசரி, சிதறல் எல்லாத்தையும் ஏமாத்தியிருக்காங்க. இந்த ஒண்ணுலதான் மாட்டிக்கிட்டாங்க." கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். நான் பதிவேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷத்தில் கணக்கில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

பிறகு அவர் கேட்டார். "எந்த லேப் இது? நோயாளிங்க உயிர் சம்பந்தப்பட்டதும்மா, நாம சும்மா விடக் கூடாது." நீ ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். வாக்கைக் காப்பாற்றினாய். பெயரைச் சொல்லவில்லை. விரலை நீட்டினாய்.

அதற்கு ஆறு நாள் முன்னாலேயே என் கடிதம் உனக்கு வந்துவிட்டது. நான் கன்ட்ரோல் ஓட்டாதவள் இல்லை, நிஜப் பதிவேடு என் மடியில் இருக்கிறது என்று தெரிந்துதான் நீட்டினாய். மார்ச் மாதம் நீ பேசாமல் இருந்ததற்காவது அறியாமை என்று ஒரு சாக்கு உண்டு. இதற்கு?

அந்தப் பேராசிரியர் புகார் அனுப்ப, ஆஸ்பத்திரியில் விசாரணை ஒரு வாரம் நடந்தது. மெஷினின் நினைவகம், பதிவேடு, நோயாளிகளின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் புரட்டினார்கள். ஒரு தப்பு கிடைக்கவில்லை. எங்கள் நோயியல் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவ்வளவு சுத்தமா வேலை பார்க்கறீங்க. வெளியே குடுத்த தாள் மட்டும் ஏம்மா பொய்?"

"வீட்டு விஷயம் சார்."

"வீட்டு விஷயத்துக்கு லேப் முத்திரை எதுக்கும்மா?"

எதற்கும் தலைகுனியாமல் இருந்தவள், அந்த ஒரு கேள்விக்குக் குனிந்தேன். அவர்கள் போகச் சொல்வதற்கு முன்னால் நானே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். வெள்ளைக் கோட்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். என் கீழே வேலை பார்த்த பெண்கள் இரண்டு பேர் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தார்கள்.

நான் கட்டிய பொறியில் நானே விழுந்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் மனத்தை அறுக்கிறது. வேலை போனது இல்லை. அந்தக் கடைசி இலக்கம். அடுத்தடுத்து ஒரே எண் எத்தனை தடவை வரும் என்பதைக் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருப்பார்கள் இல்லையா? எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நீ என்னிடமிருந்து எதை எடுத்தாயோ, அதை வைத்தே என்னை அடித்தாய்.

டாக்டர் பட்டத்துக்கு வாழ்த்துக்கள்.

அக்கா

*

ஜனவரி 24

அக்கா,

விரலை நீட்டியது தெரிந்தே செய்தது. நீ வந்து உட்கார்ந்த விதம் அப்படி. அப்பா உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாய். மடியில் பதிவேடு, அதன்மேல் இரண்டு கை. எப்போது எழுந்து திறப்பாய் என்று நான் பேசிய நாற்பது நிமிஷமும் காத்திருந்தேன். நீ எழுவதற்குள் நான் அடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்தபின்னும் ஜெயித்த சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் பேராசிரியர்கள் அறையில் ஒருத்தர், "உங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். வாய்க்கு வந்த பதில், "லேப் டெக்னீஷியன்." சொல்லி முடித்தபிறகுதான் அது இனிமேல் உண்மை இல்லை என்று உறைத்தது.

உன் ஆஸ்பத்திரிக்கு நான் எழுதுகிறேன். முழுக் கதையையும் எழுதுகிறேன், உறையிலிருந்து ஆரம்பித்து. டாக்டர் நல்லவர் போலத் தெரிகிறது, திரும்ப எடுத்துக்கொள்வார். எழுதட்டுமா?

உன் தங்கை

*

ஜூன் 14

தங்கைக்கு,

ஐந்து மாதம் பதில் போடவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டாம். உன் தயவில் அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு பொத்தானும் உன் பெயரைச் சொல்லும்.

உங்கள் கல்லூரியில் இளங்கலைக் கணிதத்துக்கு வயது வரம்பு கிடையாது. ஒரு நுழைவுத் தேர்வு மட்டும். நான் எழுதிய அறையில் எல்லாரும் பதினேழு, பதினெட்டு. மேற்பார்வைக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "பெற்றோர் வெளியே இருக்கணும்மா" என்றார். நான் ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார்.

தேர்வில் நான்காவது இடம். மூன்று பேர் என்னைவிடக் கெட்டிக்காரர்கள், பார்த்துவைத்திருக்கிறேன்.

நேற்று சேர்க்கைக்கு வந்தேன். அலுவலகத்தில் எழுத்தர், "பொண்ணோட பேர் சொல்லுங்க" என்றார். "பொண்ணு நான்தான்" என்றேன். கூட்டமாக நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. கல்லூரிக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம், மாலையில் மூன்று மணி நேரம் வேலை. நடந்ததையெல்லாம் சொல்லித்தான் சேர்ந்தேன்.

கால அட்டவணையும் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் மணி, நிகழ்தகவு. எடுப்பவர் நீ.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன். வேறு எந்தக் கல்லூரி என்றாலும் நானே கூட வந்து சேர்த்துவிடுகிறேன். எனக்கு முன்னால் தினமும் நீ உட்கார்ந்திருந்தால் என்னால் சாக்பீஸைப் பிடிக்க முடியாது. உன்னை ‘பி’ பிரிவுக்கு மாற்றும்படி அலுவலகத்தில் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே எடுப்பவர் அனுபவசாலி, என்னைவிட நன்றாக நடத்துவார். தயவுசெய்து ஒத்துக்கொள்.

முன்னே நான் செய்ததற்கு வேறு எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடு.

குட்டி

*

ஜூன் 20

குட்டி,

‘பி’ பிரிவிலிருந்து என்னைத் திரும்ப மாற்றிக்கொண்டுவிட்டேன். முதல்வரையே நேரில் பார்த்தேன். "ஏம்மா, சொந்தத் தங்கச்சி பாடம் எடுக்கறது உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?" என்று கேட்டார். "எனக்கு இல்ல சார்" என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். ஆக, எனக்கு வர வேண்டிய காகிதத்தை நீ இன்னொரு தடவை தடுத்தாய், இந்தத் தடவை மூன்று நாளில் மீட்டுவிட்டேன்.

தண்டனை கேட்டிருக்கிறாய். இதுதான். மூன்று வருஷம்.

வகுப்பில் உன்னை மேடம் என்றுதான் கூப்பிடுவேன். நீ என்னை வருகைப் பதிவு எண் சொல்லிக் கூப்பிடு, அக்கா என்று வாய் தவறிவிடாதே, பிள்ளைகள் கேலி செய்யும். சலுகை எதுவும் வேண்டாம். மதிப்பெண்ணில் அரைப் புள்ளி கூட்டினாலும் விடைத்தாளைத் திரும்பத் திருத்தச் சொல்லி மனுக் கொடுப்பேன், குறைத்தாலும் கொடுப்பேன். வீட்டுக் கணக்கு ஒரு நாள்கூட பாக்கி இருக்காது. உனக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்தால், திரும்பி வரும்வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

நீ கரும்பலகையில் ஒரு வரி தப்பாக எழுதினால் கையைத் தூக்குவேன். தப்பே செய்யாமல் நடத்தினால், தலையைக் குனிந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்வேன். இரண்டில் எது உனக்கு அதிகம் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நன்றாகத் தயார் செய்துகொண்டு வா.

முதல் பெஞ்ச், ஜன்னல் பக்கம். ஒன்பது மணிக்கு.

அக்கா